தம்போய்ப் பட்டறைக்கு முதல் மிஷின்

தம்போய், ஜொகூர்
4 மார்ச் 1934

அன்புத் தங்கை டொரத்திக்கும் மாப்பிள்ளை டெஸ்மண்டுக்கும் செபஸ்தியன் எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அண்ணி கெர்ட்ரூட்டும் நலம். ஈப்போவில் மழை விட்டதா, மாப்பிள்ளையின் இருமல் தேவலையா என்று எழுது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கூட இல்லை.

ஒரு நல்ல சேதி. ஜொகூர் பாருவில் புதிதாகக் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு நூற்றிருபது மேசையும் பெஞ்சும் செய்யும் வேலை என் பட்டறைக்குக் கிடைத்திருக்கிறது. வருகிற ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எல்லாம் வகுப்பில் இருக்க வேண்டும். கையால் மட்டும் செய்தால் முடியாது. மிஷின் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும். எதை முதலில் வாங்குவது என்பதில்தான் எனக்குத் தலை சுற்றுகிறது.

சிங்கப்பூர்க் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் படப் புத்தகம் வரவழைத்தேன். பாதிரியார் படித்துச் சொன்னார். வட்ட ரம்பத்தின் கீழே, இது இல்லாமல் பட்டறை இல்லை என்று போட்டிருக்கிறதாம். அடுத்த பக்கத்தில் துளை போடுகிற மிஷின். அதன் கீழேயும் அதே வார்த்தைதான். கடைசல் மிஷினுக்கும் அதே. பாதிரியாரே சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளை பதினோரு வருஷமாக மரப்பட்டறையில் இன்ஜின் ஓட்டுகிறவர். எல்லா மிஷினும் அவர் கண்முன்னால் ஓடுகிறது. அவர் சொல்வதை நான் கேட்பேன். இத்தனை காலம் கையால் செய்தவனுக்கு இப்போது மிஷின் எதற்கு என்று நீ கேட்கலாம். காலம் அப்படி. வேறொன்றுமில்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும் அண்ணன்,
செபஸ்தியன்

&nbsp;

ஈப்போ
17 மார்ச் 1934

மதிப்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் டொரத்தியின் வணக்கம். நாங்கள் சுகம். இருமல் நின்றுவிட்டது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். வேலை அப்படி.

பள்ளிக்கூட வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். அவருக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லை. அவர் சொன்னதை நான் எழுதுகிறேன்.

முதலில் வாங்க வேண்டியது மிஷினே இல்லையாம், இன்ஜினாம். மிஷின் தானாகச் சுற்றாது அல்லவா? ஐந்து குதிரைச் சக்தி எண்ணெய் இன்ஜின் ஒன்று, அதிலிருந்து ஒரு நீளத் தண்டு, தண்டிலிருந்து மிஷினுக்குத் தோல் பட்டை. இதைப் படப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில்தான் போடுவார்கள், ஏனென்றால் முதலில் போட்டால் பாதிப் பேர் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அதன் பிறகு வட்ட ரம்பம். பலகை அறுபடாமல் எந்த வேலையும் தொடங்காது என்கிறார். பத்து ஆள் ஒரு நாளில் அறுப்பதை அது மதியச் சோற்றுக்கு முன்னால் அறுத்துத் தள்ளும். கையை மட்டும் பல்லுக்கு அருகே கொண்டுபோகக் கூடாது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
டொரத்தி

&nbsp;

தம்போய்
2 ஏப்ரல் 1934

அன்பான டொரத்திக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம், நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இன்ஜின் விஷயம் சொன்னது பெரிய உதவி. எனக்கு அது தோன்றவே இல்லை. மாப்பிள்ளைக்கு நன்றி சொல்.

ஆனால் ரம்பத்தில் ஒரு சிக்கல். மரம் வாங்க உலு திராம் போயிருந்தேன். அங்கே மரம் அறுக்கும் ஆலைக்காரரிடம் வட்ட ரம்பம் வாங்கப் போவதாகச் சொன்னேன். அவர், “உனக்கு எதுக்குய்யா ரம்பம்? அளவு எழுதிக் கொடு. நானே அறுத்து வண்டியில ஏத்தி விடுறேன்” என்றார். மெராந்திப் பலகை எல்லாம் அளவாகவே வந்து இறங்கும் என்றால் எனக்கு ரம்பம் எதற்கு? கையில் ரம்பம் இருப்பதுதான் கௌரவம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார். அதையும் தள்ள முடியவில்லை.

இன்னொன்று. கெலாங் பாத்தா தோட்டத்துத் துரை சாப்பாட்டு மேசை ஒன்றும் பன்னிரண்டு நாற்காலியும் கேட்டிருக்கிறார். கால் எல்லாம் உருட்டிக் கடைந்ததாக இருக்க வேண்டுமாம். இப்போது சொல், எது முதலில்? இரண்டு நாளாக ரம்பம் என்று படுத்து வேறொன்று என்று எழுந்திருக்கிறேன்.

அண்ணன்,
செபஸ்தியன்

&nbsp;

ஈப்போ
21 ஏப்ரல் 1934

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். இங்கே எல்லாம் வழக்கம்போல. வெயில்தான் தாங்கவில்லை.

நீங்கள் எழுதியதை அவரிடம் சொன்னேன். அப்படியானால் கடைசல் மிஷினாம். உலு திராமில் அறுத்துக் கொடுப்பார்கள், கடைந்து கொடுப்பார்களா? துரை வீட்டில் கடைந்த கால் நாற்காலியைப் பார்த்தால் மற்றத் தோட்டத்துத் துரைகளும் கேட்பார்கள். ஒரு காலைக் கடைய ஒரு சுருட்டுப் புகைக்கும் நேரம் போதும். நானே பார்த்தேன். மரம் சுற்றும்போது உளியை வைத்தால் சீவல் நாடா மாதிரி முகத்தில் வந்து விழுகிறது. பார்க்க அழகாக இருக்கிறது.

நாடா ரம்பம் என்றும் ஒன்று இருக்கிறது. வளைவாக அறுக்கும். அதுவும் நல்லதுதான் என்கிறார். துளை போடும் மிஷினும் மோசமில்லையாம். ஆனால் முதலில் கடைசல்.

இரண்டு பேரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

டொரத்தி

&nbsp;

தம்போய்
9 மே 1934

டொரத்திக்கு அண்ணன் எழுதுவது. சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மாப்பிள்ளை மார்ச்சில் ரம்பம் என்றார். ஏப்ரலில் கடைசல் என்கிறார். நாடா ரம்பமும் நல்லதாம், துளை மிஷினும் மோசமில்லையாம். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லையே. உன் கல்யாணத்தில் பந்தலுக்கு எத்தனை மூங்கில் என்று கேட்டதற்கு நாற்பத்தாறு என்று ஒரே வார்த்தையில் சொன்னவர். நாற்பத்தாறுதான் ஆனது.

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளையை அவர் கையால் நாலு வரி எழுதச் சொல். நாலே வரி போதும். வேலைக்கு ஆளும் குறைந்திருக்கிறது. என்னோடு இருந்த அவாங், சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்து வேலைக்குப் போய்விட்டான். அதனால் சீக்கிரம் தெரிந்தால் நல்லது.

அண்ணன்,
செபஸ்தியன்

&nbsp;

ஈப்போ
30 ஜூன் 1934

அண்ணனுக்கு வணக்கம். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவர் ஊரில் இல்லை. வேலையாக வெளியே போயிருக்கிறார். வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

நானாக ஒன்று கேட்கலாமா? ஒரு மேசை செய்வதில் உங்களுக்கு எந்த வேலை ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது? அறுப்பதா, இழைப்பதா, துளை எடுப்பதா, பூட்டுவதா? எந்த இடத்தில் வேலை நின்று போகிறது? அது தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. யோசித்து உள்ளதை எழுதுங்கள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டொரத்தி

&nbsp;

தம்போய்
15 ஜூலை 1934

அன்பான டொரத்திக்கு. இங்கே சுகம். மாப்பிள்ளை திரும்பிவிட்டாரா?

எந்த வேலை கஷ்டம் என்று கேட்டிருந்தாய். தச்சு வேலையில் கஷ்டம் என்ன, சுலபம் என்ன? எல்லாம் ஒன்றுதான். எனக்கு ஒன்றும் நின்று போகவில்லை.

மேலும் காத்திருக்க முடியாமல் முடிவு செய்துவிட்டேன். சிங்கப்பூரில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து இன்ஜினும் கடைசல் மிஷினும் வாங்கிவிட்டேன். மாப்பிள்ளை கடைசியாகச் சொன்னது அதுதானே. ரயில் நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. தம்போய் மேட்டில் ஏறாமல் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். தண்டு மாட்டி, பட்டை போட்டு, இன்ஜினைக் கிளப்பினதும் தெருவே கூடிவிட்டது. “அலமாக், சத்தத்தப் பாரு!” என்று எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூட மேசையெல்லாம் நடக்கிறது. கவலைப்படாதே.

அண்ணன்,
செபஸ்தியன்

&nbsp;

தம்போய்
3 ஆகஸ்ட் 1934

என் பிரியமான டொரத்திக்கு உன் அண்ணி கெர்ட்ரூட் எழுதுவது. இது உன் அண்ணனுக்குத் தெரியாது. அவர் இன்றைக்கு உலு திராம் போயிருக்கிறார். தபாலில் நானே கொண்டுபோய்ப் போடுவேன்.

நலம் என்று அவர் எழுதுவதை நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். உன் அண்ணனின் வலது தோள் போய்விட்டது. போன நவம்பரில் உலு திராமில் ஒரு வீட்டுக்குக் கூரைச் சட்டம் பூட்டும்போது ஏணி சரிந்து விழுந்தார். பக்கத்துக் கம்பத்துக் கிராமத்தில் ஒரு மலாய்க்காரர் எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டார். வீக்கம் வடிந்தது, பலம் வரவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதுவார். உட்கார்ந்தபடி உளியால் துளை எடுப்பார். ஆனால் இழைப்புளியை எடுத்து இரண்டு தள்ளுத் தள்ளினால் முகம் வெளுத்துவிடுகிறது. சட்டை போட்டுவிடுவது நான்தான்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். “தச்சனுக்குக் கை போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா, எவன் வேலை கொடுப்பான்? வாய மூடு” என்றார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உனக்கும் சேர்த்துத்தான். இப்போது அதை மீறுகிறேன்.

அவாங் இருந்தவரை அவன் இழைத்தான். அவன் போன பிறகு நான் இழைக்கிறேன். சமையலை முடித்துவிட்டுப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு இழைக்கிறேன். மெராந்தி மரம் இழைக்கப் பரவாயில்லை என்கிறார்கள். எனக்கு ஒரு பலகைக்கே நாக்குத் தள்ளுகிறது. நூற்றிருபதில் ஒன்பது முடிந்திருக்கிறது. ஒன்பது.

அந்தக் கடைசல் மிஷின் சும்மா நிற்கிறது. கெலாங் பாத்தாத் துரை சீமைக்கே போய்விட்டார். புதிதாக வந்தவர் பழைய நாற்காலியே போதும் என்றுவிட்டார். பள்ளிக்கூட மேசையில் உருண்டையாக ஒன்றுமே இல்லை. மிஷினுக்கு அடியில் கோழி முட்டை வைத்திருக்கிறது.

உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லி, என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது. மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் ஒரு வழி பிறக்கும். எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

அண்ணி,
கெர்ட்ரூட்

&nbsp;

ஈப்போ
11 ஆகஸ்ட் 1934

அண்ணனுக்கு டொரத்தி எழுதுவது. இந்தக் கடிதத்தை அண்ணியும் படிக்கட்டும்.

அண்ணி எனக்கு எழுதினார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள். கோபப்பட உங்களுக்கு வேறு ஆள் தருகிறேன்.

உங்கள் மாப்பிள்ளை இங்கே இல்லை. வேலையாகப் போகவில்லை. போன வருஷம் ஆகஸ்டிலேயே போய்விட்டார். சயாமில் ஹாட்யாய்ப் பக்கம் ஈயச் சுரங்கம் வைத்திருக்கிற ஒருவரோடு, இன்ஜின் பூட்ட இரண்டு மாதம் என்று சொல்லிப் போனார். டிசம்பரில் ஒரு கடிதம் வந்தது. தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. எங்காவது மடிப்பில் இருக்குமோ என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் வேலை பார்த்த அதே பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நாற்காலி மேசைக்கெல்லாம் உப்புத்தாள் தேய்த்து அரக்கு பூசுவது. பக்கத்து வீட்டு ராஜம்மாவும் அங்கேதான் தேய்க்கிறாள். அவள்தான் சேர்த்துவிட்டாள். உங்களுக்கு எழுத வெட்கமாக இருந்தது. எழுதினால் அண்ணி அழுவார்கள், நீங்கள் ரயில் ஏறி வருவீர்கள், ஊர் கேட்கும் என்றெல்லாம் நினைத்தேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. மாப்பிள்ளை சொல்வதைக் கேட்பேன் என்று எழுதியிருந்தீர்கள். என்ன செய்ய? நான் பட்டறையில் கேட்டேன். வட்ட ரம்பம் ஓட்டுகிற சீனரைக் கேட்டேன். “ரம்பம் லா! வேற என்ன?” என்றார். அதைத்தான் மார்ச்சில் எழுதினேன். அடுத்து, கடைசல் வேலை செய்கிறவரைக் கேட்டேன். சாமி படத்தைக் காட்டுகிற மாதிரி தன் மிஷினைக் காட்டினார். அதை ஏப்ரலில் எழுதினேன். நாடா ரம்பக்காரர் நாடா ரம்பம் என்றார். இன்ஜின் ஓட்டும் ஐயாசாமி, “இன்ஜின் இல்லாம எவன் மிஷினும் ஓடாதும்மா” என்றார். அது ஒன்றுதான் சரியாக இருந்தது. ஒவ்வொருவரும் அவரவர் நிற்கிற இடத்தைச் சொன்னார்கள். அதை நான் உங்கள் மாப்பிள்ளை வாயில் போட்டு அனுப்பினேன். அந்தக் கடைசல் மிஷினை நீங்கள் என் பொய்யை நம்பி வாங்கினீர்கள்.

அவர் கையால் நாலு வரி கேட்டீர்கள். அவருடைய பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு அந்த எழுத்து மாதிரியே எழுதிப் பார்த்தேன் அண்ணா. ஒரு நோட்டுப் புத்தகம் தீர்ந்தது. ஏழு வாரம் அதற்குத்தான் ஆனது. ஒரு நாள் நன்றாகவே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் பயந்துபோய் அடுப்பில் போட்டேன்.

இப்போது யார் வாயிலும் போடாமல் நானே சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியது இழைப்பு மிஷின். அதிலும் கையால் பலகையைத் தள்ளுகிற வகை வேண்டாம். தடிமனை அளவு வைத்து இழைக்கிற வகை வேண்டும். பலகையின் நுனியைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற உருளைகளே பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் ஒரே கனமாக, வழுவழுப்பாக வந்து விழும். தோளே வேண்டாம். இடுப்பு உயரத்தில் பலகையைத் தாங்கினால் போதும். அறுப்பதை உலு திராமில் அறுத்துக்கொள்ளலாம். துளையை நீங்கள் உட்கார்ந்து எடுக்கலாம். இழைப்பதை மட்டும் வேறு யாரும் உங்களுக்குச் செய்து தரமாட்டார்கள்.

இதை ஏன் யாருமே சொல்லவில்லை என்று யோசித்தேன். இங்கே மற்ற மிஷினுக்கெல்லாம் ஓர் ஆள் உண்டு. இழைப்பு மிஷினுக்கு மட்டும் தனி ஆள் கிடையாது. யார் சும்மா இருக்கிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுப் பலகை கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அரக்குக் கொட்டகையிலிருந்துதான் கூப்பிடுவார்கள். அதனால் அதைப் புகழ்ந்து பேச ஆள் இல்லை. ஏழு மாதமாக அதற்குப் பலகை கொடுப்பது நான். எனக்கே என்னைக் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரிடம் போங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

டொரத்தி

&nbsp;

தம்போய்
25 ஆகஸ்ட் 1934

என் தங்கைக்கு.

உன் கடிதத்தை இருவரும் படித்தோம். முதல் நாள் டெஸ்மண்டைத் தேடிச் சயாமுக்குப் போவது என்று இருந்தேன். போய் என்ன செய்வேன் என்று கேட்டாள் உன் அண்ணி. அடிப்பேன் என்றேன். “எந்தக் கையால?” என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதது இதுதான் முதல் தடவை.

அப்புறம் அவளே சொன்னாள். “அண்ணனும் தங்கச்சியும் ஆறு மாசமா சுகம் சுகம்னு எழுதிட்டு இருந்தீங்க. ரெண்டு பேருமே பொய்யி.”

உண்மைதான். ஈப்போவுக்கு ரயிலில் ஒரு நாள் பயணம். நான் ஏன் உன்னை வந்து பார்க்கவில்லை தெரியுமா? வந்தால் என் கையைப் பார்த்துவிடுவாய் என்று வரவில்லை. நீ அங்கே என்னை வரச் சொல்லாததற்கும் காரணம் இப்போது தெரிகிறது. எந்த வேலை கஷ்டம் என்று நீ கேட்டாய். அன்றைக்கே உள்ளதைச் சொல்லியிருந்தால் இத்தனை குழப்பம் இல்லை. நான் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதினேன். தவறு உன்னுடையது மட்டும் என்று நினைக்காதே.

நேற்று ஜொகூர் பாருவில் டாக்டரைப் பார்த்தேன். தோள் எலும்பு விலகி அப்படியே ஒட்டிக்கொண்டதாம். இனி முழுதாகத் திரும்பாது என்றார். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடமும் சொன்னேன், ஒன்பதுதான் முடிந்திருக்கிறது, கை இப்படி என்று. அவர், “அக்டோபர் கடைசியில வந்து பார்ப்பேன். அறுபது இல்லன்னா வேற ஆள்கிட்ட கொடுத்திடுவேன்” என்றார். வேலையை உடனே பிடுங்காமல் விட்டாரே, அது போதும்.

நீ சொன்ன மிஷினையே வாங்குகிறேன். கடைசல் மிஷினை விற்க ஆள் பார்த்துவிட்டேன். ஆனால் இழைப்பு மிஷினை ஓட்டத் தெரிந்த ஆள் இங்கே யாரும் இல்லை. நான் சுற்றி வளைத்து எழுதவில்லை. நீ வருகிறாயா?

அண்ணன்,
செபஸ்தியன்

&nbsp;

ஈப்போ
8 செப்டம்பர் 1934

அண்ணனுக்கும் அண்ணிக்கும்.

வருகிறேன். ஆனால் முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பட்டறை முதலாளி, தவுக்கே, புது இழைப்பு மிஷினுக்குச் சொல்லிவிட்டார். பழையதை எனக்குத் தருகிறார். ஐயாசாமியை வைத்துக் கழற்றிப் பார்த்தேன். உருளை தேயவில்லை. கத்தி மட்டும் புதிது போட வேண்டும். விலையில் பாதியை நான் கொடுத்துவிட்டேன். ஆகவே பாதி மிஷின் என்னுடையது. உங்கள் வீட்டில் விருந்தாளியாகவோ பாவப்பட்டவளாகவோ இருக்க மாட்டேன். பட்டறையில் எனக்கு நிற்க ஓர் இடம் வேண்டும்.

கோயிலில் யாராவது என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால், ஊருக்குப் போயிருக்கிறார், வெளியே வேலை என்று நீங்கள் எதுவும் சொல்லக் கூடாது. எனக்கு அந்தப் பொய் சலித்துவிட்டது. போய்விட்டார் என்றே சொல்லுங்கள்.

மிஷின் சரக்கு வண்டியில் 19ஆம் தேதி ஏறுகிறது. நானும் அன்றைக்கே ஏறுகிறேன். அதை நிறுத்தத் தரையில் சிமெண்டு போட்டு நன்றாகக் காய வையுங்கள். ஆடினால் பலகை அலை அலையாக வரும். கோழியை அப்புறப்படுத்துங்கள்.

அண்ணி, இனி இழைப்புளியைத் தொடாதீர்கள்.

டொரத்தி

&nbsp;

தம்போய்
9 டிசம்பர் 1934

அருமை ராஜம்மாவுக்கு உன் டொரத்தி எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரர் எல்லாரும் நலமா? கொட்டகையில் இப்போது யாரோடு சண்டை போடுகிறாய்? ஐயாசாமி அண்ணனைக் கேட்டதாகச் சொல். இங்கே மூன்று பேரும் சுகம். இந்த முறை சுகம் என்று எழுதினால் சுகம்தான்.

மிஷின் வந்ததும் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். கொடுத்த முதல் பலகையின் நுனியில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, “இத நான் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க மாட்டேன்” என்றார். “பலகைய முடியிற வரைக்கும் தாங்கிப் பிடிங்க. நீங்க பாதியில விட்டுட்டீங்க” என்றேன். “விட்டது நீ” என்றார். பத்து நிமிஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினோம். அண்ணி வந்து இன்ஜினை நிறுத்திவிட்டார். அதன் பிறகு நான் இந்தப் பக்கம் கொடுக்க, அண்ணன் அந்தப் பக்கம் இடது கையால் வாங்க, அண்ணி அடுக்க என்று ஆகிவிட்டது. அக்டோபர் கடைசியில் மேற்பார்வையாளர் வந்தபோது எழுபத்திரண்டு இருந்தது. நூற்றிருபதும் போன வாரம் வண்டியேறிவிட்டன. எல்லாம் நேராக நடந்தது என்று நினைக்காதே. பதினான்கு பெஞ்சுக்கு நான் அளவைத் தப்பாக வைத்துக் கனம் குறைந்துபோய், மறுபடி செய்தோம்.

கோயிலில் செல்வராணி என்று ஓர் அம்மா, பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது, “தங்கச்சி வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். “அவரு விட்டுட்டுப் போயிட்டாரும்மா. எங்க பட்டறையில மிஷின் ஓட்டுறது இவதான்” என்றார்.   மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

என் பழைய ஈப்போ விலாசத்துக்கு வந்து, நீ இங்கே மாற்றி அனுப்பிய உறை கிடைத்தது. அது யாருடைய எழுத்து என்று நீ கண்டுபிடித்திருப்பாய். ஹாட்யாயிலிருந்து அவர்தான். ஆறு வரி. நலமா என்று கேட்டிருக்கிறார். புது வேலைக்கு இன்ஜின் ஓட்டும் சான்றிதழ் வேண்டுமாம், பெட்டியின் அடியில் நீலத் துணியில் சுற்றி வைத்திருக்கிறதாம், அனுப்பி வைக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான்.

அண்ணனிடம் காட்டினேன். கிழித்துப் போடு என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. “உன் கடிதாசு. நீயே பார்த்துக்க” என்று சொல்லி இன்ஜினுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

சான்றிதழை எடுத்து வெளியே வைத்தேன். அது இல்லாமல் அவருக்கு வேலை கிடைக்காது. அதை நான் வைத்துக்கொண்டு என்ன செய்ய? கூட ஒரு கடிதம் வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நான் சுகம் என்று தொடங்கினேன், கிழித்தேன். ஏன் போனீர்கள் என்று தொடங்கினேன், அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் நூற்றிருபது மேசையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன் ராஜம்மா. படித்துப் பார்த்தபோது, அது அவருக்குச் சொல்ல வேண்டியது இல்லை என்று தோன்றியது. எடுத்து வைத்துவிட்டேன். மேலே நீ படித்தாயே, பள்ளமும் சண்டையும் பதினான்கு பெஞ்சும், அது அந்தத் தாள்தான். பார்த்து எழுதினேன்.

சான்றிதழை மட்டும் உறையில் போட்டு, விலாசம் எழுதி, நேற்று தபாலில் சேர்த்தேன்.

உன் கையை அரக்கிலிருந்து காப்பாற்றிக்கொள். வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போடு. உனக்கு நேரம் கிடைக்கும்போது எழுது.

உன்,
டொரத்தி